வெளியார் ஒருவருக்கான நாற்காலி

பணியிடத்தில் பெண்களைப் பாலியல் துன்புறுத்தலினின்று காப்பதற்கென்று 2013-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தில், பெரும்பாலோர் கவனிக்காமல் கடந்துசெல்லும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த ஸ்தாபனமும் தனக்குள் ஒரு புகார்க் குழுவை அமைத்தாக வேண்டும். அதன் தலைமை மூத்த பெண் ஊழியர் ஒருவரிடம் இருக்க வேண்டும். அங்கத்தினரில் பாதிக்குக் குறையாதோர் பெண்களாக இருக்க வேண்டும். இவர்களோடு, பெண்களின் நலத்தில் ஈடுபாடு கொண்ட ஒரு தன்னார்வ அமைப்பிலிருந்தோ சங்கத்திலிருந்தோ, அல்லது இவ்விஷயத்தில் பழக்கமுள்ளவர்களிலிருந்தோ, வெளியார் ஒருவரும் வந்து அமர வேண்டும் என்கிறது அச்சட்டம். விசாரணை நடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் அவருக்கு 200 ரூபாய் படியும், ரயிலில் மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டிக்கோ, குளிர்சாதனப் பேருந்துக்கோ, ஆட்டோவுக்கோ ஆகும் கட்டணமும் தரப்பட வேண்டும் என்பது அதே ஆண்டில் வகுக்கப்பட்ட விதி. இருநூறு ரூபாயை ஊதியம் என்று எவரும் கருதியிருக்க முடியாது. ஊதியத்தை எதிர்பாராமல் ஒரு பொதுக் காரியத்துக்காகத் தன் நாளைக் கொடுக்கக்கூடிய மனிதர்கள் இந்தத் தேசத்தில் இருக்கிறார்கள் என்று நம்பி, அந்த நம்பிக்கையின்மேல் சட்டத்தின் ஒரு காலை ஊன்றிவைத்தார்கள் என்றே நான் பொருள் கொள்கிறேன்.

மாதர் சங்கங்களும் சேவைக் கழகங்களும் பெண்ணுரிமைக்கு ஆற்றக்கூடிய பணி எது என்ற கேள்விக்கு விடை அந்த ஒற்றை நாற்காலியில் இருக்கிறது என்பதே இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது. அதை ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட பூமியை மனத்தில் வைத்துச் சிந்திப்பது பொருத்தமாக இருக்கும்.

ஏரிகளை நம்பி நெல் விளைந்த இந்த நிலப்பரப்பில், 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் கார்கள் உருண்டு வெளிவரத் தொடங்கின; 2006-இல் நோக்கியா வந்தது, 2014-இல் தன் கதவுகளை அடைத்துக்கொண்டு போயிற்று; 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை எழுந்தது; பிறகு சுங்குவார்சத்திரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் கைபேசிகளும் மின்னணுச் சாதனங்களும் செய்யும் ஆலைகள் பெருகின. காருக்கு ஆண்கள் என்றும், கைபேசிக்குப் பெண்கள் என்றும் ஏறத்தாழ ஒரு பாகுபாடு இங்கே தானாக அமைந்துவிட்டது. திருவண்ணாமலை, விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களின் கிராமங்களிலிருந்தும், இப்போது ஒடிசா, ஜார்க்கண்ட் போன்ற தொலைதூர மாநிலங்களிலிருந்தும், பதினெட்டு, இருபது வயதுப் பெண்கள் வந்து ஹாஸ்டல்களில் தங்கி, கம்பெனி பஸ்ஸில் ஏறி, லைனில் நின்று, ஷிப்ட் முடிந்து மறுபடி அதே பஸ்ஸில் திரும்புகிறார்கள். இந்தியாவில் ஆலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள் என்பது தொழிற்சாலைகளைப் பற்றிய வருடாந்திரக் கணக்கெடுப்பு காட்டும் உண்மை. இரவு ஷிப்டில் பெண்கள் நிற்பதற்கு 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் விதித்திருந்த தடையைச் சென்னை உயர்நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டில், பாதுகாப்பு நிபந்தனைகள் பலவற்றோடு, நீக்கிற்று. வீட்டைவிட்டு வெளியேறவும், தன் பெயரில் சம்பளம் வாங்கவும், இரவில் உழைக்கவும் பெண்ணுக்கு வழி திறந்துவிட்டது. வழியெங்கும் அவளுக்குப் பாதுகாப்பாக நிற்பது யார் என்பது மட்டும் பாக்கியாக நிற்கிறது.

இத்தகைய இடங்களில் சேவைக் கழகங்கள் வழக்கமாகச் செய்வதை நாம் அறிவோம். மருத்துவ முகாம், கண் பரிசோதனை, தையல் இயந்திரம், பள்ளிக்குக் கழிப்பறை, நாப்கின் வழங்கும் இயந்திரம், மகளிர் தினத்தன்று ஒரு கூட்டம், ஒரு பேனர், ஒரு புகைப்படம். இவற்றை நான் இகழவில்லை. கழிப்பறையில்லாத பள்ளியைவிடக் கழிப்பறையுள்ள பள்ளி மேலானது என்பதை அங்கே படிக்கும் பெண் குழந்தையிடம் எவரும் விவாதித்து நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் காலம் மாறியிருக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் போகிறார்கள். 2023 செப்டம்பர் 15-ஆம் தேதி, இதே காஞ்சி மண்ணில், குடும்பத் தலைவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டம் உரிமைத் தொகை என்ற பெயரோடு தொடங்கப்பட்டது. 2024 ஆகஸ்ட் 17-ஆம் தேதி, வல்லம் வடகால் சிப்காட்டில், 706 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில், 18,720 பெண்கள் தங்கக்கூடிய ஹாஸ்டல் திறக்கப்பட்டது. சர்க்காரும் பெருந்தொழிலும் இந்த அளவில் கொடுக்கத் தொடங்கிய பிறகு, கழகம் கொடுக்கும் நூறு பாத்திரமும் ஐம்பது போர்வையும் எந்த மூலைக்குப் போதும்? பொருளைக் கொடுப்பதில் இனி அவர்களோடு எந்தச் சங்கமும் போட்டியிட முடியாது. அவர்களால் கொடுக்க முடியாத ஒன்றைத்தான் சங்கம் கொடுக்க வேண்டும். சர்க்காருக்கும் முதலாளிக்கும் கட்டுப்படாத ஒரு மனிதரின் சாட்சியம்தான் அது.

நம்முடைய மாதர் சங்கங்களின் ஆரம்ப சரித்திரம் இதற்கு நல்ல முன்மாதிரி. 1917 மே 8-ஆம் தேதி சென்னை அடையாற்றில், அன்னி பெசன்ட் தலைமையில், மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா முதலியோரின் பிரயத்தனத்தால் இந்திய மாதர் சங்கம் பிறந்தது. தையலும் எழுத்தறிவும் கற்பிக்கும் வகுப்புகள் அச்சங்கத்திலும் உண்டு. ஆனால் தோன்றிய ஆண்டின் டிசம்பர் மாதத்திலேயே, இந்தியாவின் அரசியல் சீர்திருத்தம் பற்றி ஆராய வந்திருந்த மாண்டேகுவைச் சென்னையில் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்களின் தூதுக்குழு ஒன்று சந்தித்து, வாக்குரிமையில் ஆண் பெண் பேதம் கூடாது என்று கேட்டது. அந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் அடையாற்றுச் சங்கத்தின் கை இருந்தது. 1921-இல் சென்னை மாகாணச் சட்டசபை, பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் முதலாவதாக, அந்தப் பேதத்தை நீக்கிற்று. சொத்துத் தகுதி என்ற வேலி இருந்ததால் அந்த வாக்குரிமை மிகச் சிலருக்கே பயன்பட்டது என்பது மெய்தான். ஆயினும் பிரெஞ்சுப் பெண்கள் வாக்குரிமைக்காக 1944 வரை காத்திருந்தார்கள் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அச்சங்கத்தின் முயற்சியால் சட்டசபைக்கு நியமிக்கப்பட்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1927-இல் அச்சபையின் துணைத் தலைவரானார். அவர் வாக்குப் பெற்று வென்று வந்தவரல்லர். சர்க்கார் நியமித்து அமர்த்தியவர். நியமித்தவருக்கு நன்றி பாராட்டி மௌனமாக இருக்க அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. அவரோ, கிடைத்த ஆசனத்திலிருந்து, சபையில் பலர் கேட்க விரும்பாத விஷயத்தை, சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை, எடுத்துப் பேசினார். காந்தியடிகள் சிறைப்பட்டபோது, 1930-இல், அந்த ஆசனத்தை விட்டு எழுந்தும் வந்தார். அதே ஆண்டில், போக்கிடமில்லாமல் அடைக்கலம் தேடி வந்த சிறுமியருக்கென்று ஔவை இல்லத்தைத் தொடங்கினார். பொட்டுக்கட்டுதலைத் தடைசெய்யும் சட்டம் 1947-இல் நிறைவேறியது. ஆசனம் கிடைத்தால் அமர்வது, அமர்ந்தால் பேசுவது, அமர்ந்திருப்பது நேர்மைக்கு ஒவ்வாதபோது எழுந்துவிடுவது என்ற மூன்றையும் ஒரே வாழ்க்கையில் செய்துகாட்டியவர் அவர். சட்டத்துக்காகச் சபையில் போராடிய அதே நேரத்தில், ஒரு பெண்ணுக்குப் படுக்கையும் சோறும் தந்தார். இரண்டும் அவருக்கு ஒரே காரியமாக இருந்தன.

உலகின் மறுபுறத்திலும், அடையாற்றுச் சங்கம் பிறந்ததற்கு ஏறக்குறைய அதே காலத்தில்தான், பெண்களின் சேவைக் கழகங்கள் தோன்றின. ரோட்டரி முதலிய கழகங்களில் பெண்களுக்கு இடமில்லாதிருந்தது. அமெரிக்க உச்சநீதிமன்றம் 1987-இல் ஒரு தீர்ப்பு வழங்கிய பின்னரே, 1989-இல், ரோட்டரி உலகெங்கும் பெண்களை அங்கத்தினராக ஏற்றது. அந்தக் கதவு திறக்கும்வரை பெண்கள் காத்திருக்கவில்லை. 1919-இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில், மரியன் டி ஃபாரஸ்ட் என்ற நாடகாசிரியையின் முயற்சியால் ஜோண்டா தோன்றிற்று. 1921-இல் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் சொரொப்டிமிஸ்ட் கழகம் எழுந்தது. 1924-இல் மான்செஸ்டரில், ரோட்டரியரின் மனைவியர் கூடி இன்னர் வீல் அமைத்தார்கள். அதே ஆண்டில் பாரிஸில் சொரொப்டிமிஸ்ட் கழகத்தை நிறுவிய சுஸான் நோயல் என்ற மருத்துவர், முதல் உலகப் போரில் முகம் சிதைந்த போர்வீரர்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்தவர். இக்கழகங்கள் இன்று ஐக்கிய நாடுகள் சபையில் ஆலோசனை கூறும் தகுதி பெற்றிருக்கின்றன. குழந்தை மணத்துக்கும் பெண்கள்மீதான வன்முறைக்கும் எதிராகப் பல தேசங்களில் நிதி திரட்டித் தருகின்றன. அவற்றின் கிளைகள் நம் நாட்டிலும் உண்டு. அடையாற்றின் 1917, பஃபலோவின் 1919-க்கு முந்தியது என்பதைப் பெருமைக்காக மட்டும் சொல்லவில்லை. பெண்கள் ஒன்றுகூடிப் பொதுக் காரியம் செய்வதென்பது நமக்கு வெளியிலிருந்து வந்து சேர்ந்த வழக்கமன்று என்பதையும், அந்தக் காரியம் தானத்தோடு நில்லாமல் சட்டசபையின் வாசல்வரை போனது என்பதையும் இத்தலைமுறை நினைவிற்கொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நான் தொடக்கத்தில் குறிப்பிட்ட நாற்காலியும் அப்படிப்பட்ட சங்கங்கள் பெற்றுத் தந்ததுதான். ராஜஸ்தானில், ஒரு குழந்தை மணத்தைத் தடுக்க முயன்ற கிராமப் பணிப்பெண் ஒருவர் 1992-இல் கொடுமைக்கு ஆளாக்கப்பட்டபோது, விசாகா முதலிய மாதர் அமைப்புகள் உச்சநீதிமன்றத்தை அணுகின. 1997 ஆகஸ்ட் 13-ஆம் தேதி அந்நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகளிலேயே, மேலிடத்தின் நிர்ப்பந்தத்துக்குக் குழு பணிந்துவிடாமலிருக்கும் பொருட்டு, மூன்றாம் தரப்பான ஓர் அமைப்பின் பிரதிநிதி இடம்பெற வேண்டும் என்ற நிபந்தனை வந்துவிட்டது. ஏற்கெனவே நடந்துபோன ஓர் அநியாயத்திலிருந்து, முன்பின் அறியாத லட்சக்கணக்கான பெண்களுக்கு ஒரு பாதுகாப்பைச் சங்கங்கள் பெற்றுக் கொடுத்தன. பதினாறு ஆண்டுகளுக்குப் பின் அது சட்டமாயிற்று.

அந்த நாற்காலி எதற்காக என்பதை 2021 டிசம்பர் மாதம் நமக்குக் கற்பித்தது. கைபேசி செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த ஒரு ஹாஸ்டலில் உணவு நஞ்சாகி, நூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழியருக்கு என்ன ஆயிற்று என்று மற்றவர்களுக்குத் தெரியவில்லை. சிலர் இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி பரவியது. 17-ஆம் தேதி இரவும் மறுநாளும் ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரி 12-ஆம் தேதிதான் மறுபடி திறந்தது. உணவையும் தங்குமிடத்தையும் பற்றிய குறைகள் அதன் பிறகே உலகின் காதில் விழுந்தன. உணவு பற்றிய குறை புகார்க் குழுவின் எல்லைக்குள் வருவதன்று என்பதை நான் அறிவேன். நான் எடுத்துக்கொள்வது அதனுள் இருக்கும் பாடத்தை. அத்தனை பெண்களுக்கு நடுவே, அவர்கள் நம்பக்கூடிய வெளியார் ஒருவர், வார்டனிடமும் மருத்துவரிடமும் போய்க் கேட்டு வந்து, உங்கள் தோழியர் உயிரோடிருக்கிறார்கள், நான் என் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லக்கூடிய ஒருவர், அன்று இருந்திருந்தால், வதந்தி அந்த அளவுக்கு வளர்ந்திருக்குமா? சொல்பவரை நம்ப இயலாத இடத்தில் உண்மையும் வதந்தியும் ஒன்றாகிவிடுகின்றன. நம்பிக்கை என்பது ஆபத்து வந்த இரவில் திடீரென்று உண்டாக்கக்கூடிய பொருளன்று. பல மாதங்கள் வந்துபோய், பெயர் சொல்லிப் பழகி, சொன்ன சொல்லைக் காத்து, மெல்ல மெல்லச் சேர்க்க வேண்டிய முதல் அது.

இங்கேதான் ஒரு சங்கடம் எழுகிறது. 2013-ஆம் ஆண்டு சேவைக் கழகங்களுக்கு ஒன்றல்ல, இரண்டு வாசல்களைத் திறந்தது. பணியிடச் சட்டம் ஒன்று; அதே ஆண்டின் கம்பெனிச் சட்டம் மற்றொன்று. குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் தம் லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூக நலத்துக்குச் செலவிட வேண்டும் என்று இரண்டாவது சட்டம் விதித்தது. பெண்களின் முன்னேற்றமும் அந்தச் செலவுக்குரிய காரியங்களில் ஒன்று. ஆகவே, ஒரே கழகம் ஒரே ஆலையிடமிருந்து ஒரு கையால் நன்கொடை பெறுவதும், மறு கையால் அந்த ஆலையின் மேற்பார்வையாளர்மீது வந்த புகாரை விசாரிப்பதும் சாத்தியமாகிவிட்டது. இதைத் தடுக்கும் வாசகம் எதுவும் பணியிடச் சட்டத்தில் இல்லை. வெளியாரைத் தேர்ந்தெடுப்பவரும் முதலாளியே. மூன்றாண்டுக்குள் பதவிக்காலம் முடிந்தபின் மறுபடி அழைப்பதா வேண்டாமா என்று தீர்மானிப்பவரும் அவரே. நல்லவர்களையும் தாட்சண்யம் கட்டிப்போடும். நேற்றுப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் கொடுத்தவரை இன்று கடிந்துபேச நா எழாது. அதனால், தான் நன்கொடை பெறும் ஆலையின் குழுவில் அமர்வதில்லை, தான் அமரும் ஆலையின் நன்கொடையைப் பெறுவதில்லை என்ற விரதத்தை ஒவ்வொரு கழகமும் தானே மேற்கொள்ள வேண்டும். சட்டம் கேட்காததை தர்மம் கேட்கிற இடம் இது.

அமர்ந்தபின் செய்ய வேண்டியவை பலவும் சிறு காரியங்கள்தாம்; ஆயினும் அவற்றைச் செய்யாமல் விட்டால் சட்டம் வெறும் காகிதமாகிவிடும். எழுத இயலாத பெண்ணின் புகாரை எழுதித்தர உதவுவது குழு அங்கத்தினரின் கடமை என்று சட்டம் சொல்கிறது. ஒடியா மட்டும் அறிந்த ஒரு பெண்ணுக்கு அந்த உதவி எவ்வளவு பெரிதென்று எண்ணிப் பாருங்கள். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் தரவேண்டும், தக்க காரணமிருந்தால் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். தொண்ணூறு நாட்களுக்குள் விசாரணை முடிய வேண்டும். சமரசம் என்பது அந்தப் பெண் தானாகக் கேட்டால் மட்டுமே, அதிலும் பணத்தை வைத்துச் சமரசம் கூடாது. கான்ட்ராக்டர் மூலம் வந்தவளும், பயிற்சியில் இருப்பவளும் இச்சட்டத்தின் நிழலுக்குள் அடங்குவார்கள். கம்பெனி பஸ்ஸும் பணியிடமாகவே கருதப்படும். விசாரணைக்குத் தலைவர் உட்பட மூவர் இருந்தால் போதும் என்கிறது விதி. அந்த மூவரில் வெளியார் ஒருவராக இருந்தே தீரவேண்டும் என்று அது சொல்லவில்லை. எனவே அழைக்கவில்லையே என்று வீட்டில் இருந்துவிடாமல், ஒவ்வொரு விசாரணைக்கும் என்னை அழையுங்கள் என்று முதல் நாளிலேயே எழுத்தில் கேட்டு வைப்பவரே நல்ல அங்கத்தினர். ஆண்டு முடிவில் மாவட்ட அதிகாரிக்குப் போகும் அறிக்கையில் புகார் ஏதுமில்லை என்றிருந்தால், அது அமைதியின் அடையாளமா, அச்சத்தின் அடையாளமா என்று கேட்டறியாமல் கையெழுத்திடக் கூடாது. பல இடங்களில் குழுக்களே முறையாக அமையவில்லை என்று 2023-இல் உச்சநீதிமன்றம் வருந்திச் சொன்னதை இங்கே மறக்கலாகாது.

ஸ்ரீபெரும்புதூர் உடையவர் என்று போற்றப்படும் ராமானுஜர் அவதரித்த தலம். ஆசாரியரிடம் பெற்ற ரகசியத்தைத் திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தின்மேல் ஏறி நின்று எல்லாரும் கேட்கச் சொன்னார் என்று வைணவ மரபு அவரைப் போற்றுகிறது. அறிந்தவர் சிலரிடம் மட்டும் தங்கிவிடுகிற ஞானத்தால் அறியாதவர்க்கு என்ன பிரயோஜனம் என்பதே அவருடைய கேள்வி. சிலரிடம் மட்டும் தங்கிவிடும் அதே கதிதான் பணியிடச் சட்டத்துக்கும் நேர்ந்திருக்கிறது. ஹாஸ்டலின் உணவுக் கூடத்திலும், பஸ் நிற்கும் இடத்திலும், வாடகை அறைகள் நிறைந்த தெருக்களிலும், தமிழிலும் ஒடியாவிலும் இந்தியிலும், இதை எளிய வார்த்தைகளில் எடுத்துச் சொல்லும் வேலையைச் சங்கங்கள் ஏற்கலாம். அதற்கு நிதியும் அதிகம் வேண்டாம். ஷிப்ட் இல்லாத ஞாயிற்றுக்கிழமையும், கேட்கும் பொறுமையும் போதும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சேவைக் கழகம் தொழிற்சங்கத்துக்குப் பதிலாகாது. சம்பளத்தையும் வேலை நேரத்தையும் பற்றித் தொழிலாளர் தாமே ஒன்றுகூடிப் பேச வேண்டும். 2024-இல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர் ஒரு மாதத்துக்கு மேல் நடத்திய வேலைநிறுத்தத்தில் முதன்மையாக நின்ற கேள்வியும், தம் சங்கத்துக்கு அங்கீகாரம் வேண்டும் என்பதே. அந்த உரிமையைப் பரோபகாரம் மறைத்துவிடுமானால், அது உபகாரமாகாது.

இவ்வளவும் சொன்னபின் இறுதியாக நிற்பது அங்கத்துவத்தைப் பற்றிய கேள்வி. ஜோண்டாவும் சொரொப்டிமிஸ்டும் தோன்றிய நாளில், ஒவ்வொரு தொழிலிலிருந்தும் ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொள்வது என்ற முறையில் அமைந்தன. வழக்கறிஞர், மருத்துவர், வியாபாரி, ஆசிரியை என்று. தொழிலால் பெண் தலைநிமிர்கிறாள் என்ற கருத்து அதில் அடங்கியிருந்தது. கைபேசியின் நுண்ணிய பாகங்களைக் கண்ணும் விரலும் பிசகாமல் பொருத்துவதும் ஒரு தொழில்தானே? அந்தத் தொழிலைச் செய்பவள் மட்டும் எப்போதும் உதவி பெறுபவளாகவும், மேடைக்குக் கீழே அமர்ந்திருப்பவளாகவும் ஏன் இருக்க வேண்டும்? பெண்களின் மேம்பாட்டுக்கு, குறிப்பாகப் பணியிடத் துன்புறுத்தலை எதிர்கொள்வதற்கு, உதவும் சமூகப் பணியில் ஐந்தாண்டு அனுபவம் இருந்தால், மாவட்ட அளவிலான புகார்க் குழுவாகிய உள்ளூர்க் குழுவில் அமரும் தகுதி உண்டு என்று விதி சொல்கிறது. லைனில் சில ஆண்டுகள் நின்று, திருமணத்தாலோ ஒப்பந்தம் முடிந்ததாலோ வெளியேறி, இந்த ஊர்களிலேயே தங்கிவிட்ட பெண்கள் இருக்கிறார்கள். ஷிப்டின் களைப்பும், சூப்பர்வைசரின் குரலும், ஹாஸ்டலின் சட்டதிட்டமும் அவர்கள் அறியாததல்ல. அவர்களைக் கழகங்கள் அங்கத்தினராகச் சேர்த்து, சட்டத்தைக் கற்பித்து, ஐந்தாண்டுப் பணிக்கு வாய்ப்பளித்தால், வெளியாருக்கென்று ஒதுக்கப்பட்ட அந்த நாற்காலியில், உள்ளே நடப்பதை அறிந்தவரும் முதலாளிக்குக் கடமைப்படாதவருமான ஒருவர் அமர்வார். அத்தகையவர்களை எத்தனை பேர் ஆயத்தம் செய்தோம் என்பதைக் கொண்டே, சென்னையிலும் காஞ்சியிலும் உள்ள மாதர் சங்கங்கள் தங்கள் சேவையை இனி அளந்துகொள்ள வேண்டும். கொடுத்த பொருளின் பட்டியல் ஆண்டறிக்கையில் இரண்டாம் பக்கத்துக்குப் போகட்டும்.